கன்னத்தில் ஒதுக்கிய ஏலக்காய்

"எப்போதாவது புரை ஏறியதா? தொண்டைக்குள் ஏதாவது மாட்டிக்கொண்டதா?"

இந்தக் கேள்வியை என்னிடம் மூன்று டாக்டர்கள் கேட்டார்கள். முதல் இரண்டு பேரிடமும் இல்லை என்று தலையாட்டினேன். அந்த இரண்டு தலையாட்டலும் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்புவரைதான். மட்டாஞ்சேரியில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட எழுத்து. என் மகளுக்கு மலையாள எழுத்துதான் ஓடும், இதை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். படிக்கட்டும். மெதுவாகப் படித்தால்தான் மனதில் நிற்கும்.

என் பெயர் சரஸ்வதி, எல்லோருக்கும் சரசு. என் வீட்டுக்காரர் மாரிக்கு நகரசபையில் ஓடை சுத்தம் செய்யும் வேலை. எனக்கு பஜார் ரோட்டில் ஓர் ஏலக்காய்க் கிடங்கில் காய் பிரிக்கும் வேலை. மலையிலிருந்து சாக்கில் வரும் காயைத் தரையில் கொட்டுவார்கள். முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பெரியது, சிறியது, வெடித்தது, நிறம் போனது என்று கையால் பிரிப்போம். காலை எட்டுக்கு உட்கார்ந்தால் மாலை ஐந்துக்குத்தான் இடுப்பை நிமிர்த்துவோம். தலைமுடி, சேலை, விரல் நகம் எல்லாம் ஏலக்காய் வாசனை. படகில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த வாசனையை மட்டும்தான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஐந்து மணிக்கு வாசலில் சோதனை. முந்தானையை உதற வேண்டும், கொண்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டும், மடியைத் தட்ட வேண்டும். குட்டன் மேஸ்திரி ஒரு ஸ்டூலைப் போட்டு வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவர்தான் எங்களுக்கு மேலே. மலையாளி, இருபது வருஷமாக அதே கிடங்கு. காய் காணாமல் போனால் முதலாளி அவருடைய கழுத்தைத்தான் பிடிப்பார்.

எல்லாவற்றையும் சோதித்தார்கள். வாயை மட்டும் யாரும் பார்த்ததில்லை.

எங்களில் எட்டுப் பேர் எப்போதாவது ஒரு காயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வெளியே வருவோம். ஒன்றே ஒன்று. இரண்டு வைத்தால் கன்னம் காட்டிக்கொடுத்துவிடும். வாசல் தாண்டும்வரை பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. வீட்டுக்குப் போய்க் கழுவி, தட்டி, சாயாவில் போடுவோம். அதைத் திருட்டு என்று நாங்கள் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைத்தோம். நினைத்துக்கொண்டேதான் செய்தோம்.

அன்று என் மகள் கலாவுக்கு நாலு வயது முடிந்தது. பால் பாயசம் வைப்பதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். நல்ல பச்சைக் காயாக ஒன்றைப் பார்த்து ஒதுக்கிக்கொண்டேன். முந்தானையை உதறினேன், கொண்டையைக் காட்டினேன். நகரப் போகும்போது மேஸ்திரி கூப்பிட்டார்.

"சரசூ, இன்னைக்கு மோளுக்குப் பிறந்தநாளல்லே? பாயசம் உண்டோ?"

தலையாட்டினேன்.

"எந்தா, வாயில நாக்கில்லையா? உண்டோ, இல்லையோ?"

பின்னால் நின்றவர்களுக்குச் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "உண்டு" என்று சொல்ல வாயைத் திறந்து மூச்சை இழுத்தேன். கன்னத்தில் இருந்த காயைக் காணோம்.

அப்படி ஓர் இருமலை நான் அதுவரை இருமியதில்லை. கண்ணில் நீர் கொட்டியது, முகம் வீங்கிப்போயிற்று. மேஸ்திரியே எழுந்து வந்து முதுகில் தட்டினார், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து காய் பிரிக்கும் ஜமீலா என் தலையைத் தட்டிக்கொண்டே, "ஆரோ உன்னை நினைக்குது" என்றாள். அவளுக்கு நடந்தது தெரியும். அவள் கன்னத்திலும் ஒன்று இருந்தது, பாவம், அதோடு எப்படித்தான் பேசினாளோ.

பத்து நிமிஷத்தில் இருமல் அடங்கிவிட்டது. வயிற்றுக்குள் போயிருக்கும், தானாக வெளியேறிவிடும் என்று நினைத்து நடந்துவிட்டேன். பாயசம் ஏலக்காய் இல்லாமல்தான் வெந்தது. மாரி தம்ளரை வழித்துக் குடித்துவிட்டார். கலா மட்டும் இரண்டு வாய் குடித்துவிட்டு, "அம்மா, உன் கை வாசனை பாயசத்துல இல்லையே" என்றாள்.

நான் செய்த தப்புக் கணக்கு அங்கேதான் தொடங்கியது. இருமல் நின்றால் பொருள் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பின்னால் எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் லீலா எனக்குப் படம் வரைந்து விளக்கினார். தொண்டையில் இருக்கும்போதுதான் உடம்பு பதறுமாம். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து இரண்டு நுரையீரலுக்கும் போகிறது. வலது பக்கக் குழாய் இடதைவிட நேராகவும் அகலமாகவும் இருப்பதால் உள்ளே விழுவது பெரும்பாலும் வலது பக்கம்தான் போகும். கீழே ஒரு கிளைக்குழாயில் போய் உட்கார்ந்துவிட்டால் இருமல் அடங்கிவிடும். ஆளும் மறந்துவிடுவார். நானும் மறந்துவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தது. மூச்சை இழுத்தால் முதுகின் வலது பக்கம் குத்தியது. பக்கத்து ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள். நுரையீரலின் ஒரு பகுதியில் கிருமி புகுந்து சளி கட்டிக்கொள்வதுதான் அது. பத்து நாள் ஊசியில் தெளிந்துவிட்டேன். இரண்டு மாதத்தில் மறுபடி வந்தது. மழைக்காலத்தில் மூன்றாவது தடவை. மூன்று தடவையும் அதே இடம். மழை, தூசி, ஓடையிலிருந்து மாரி கொண்டுவரும் கிருமி என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்குக் குறைச்சலே கிடையாது.

மூன்றாவது தடவை அந்த ஆஸ்பத்திரிக்கு மேஸ்திரியும் என்னோடு வந்தார். முதலாளியின் கடிதம் இருந்தால் எக்ஸ்ரே சீக்கிரம் எடுப்பார்கள் என்று அவரே வாங்கிக்கொண்டு வந்தார். நாற்காலிகள் இல்லாத நீண்ட வராந்தாவில், நான் தரையில் உட்கார, அவர் தூணில் சாய்ந்துகொண்டு நாலு மணி நேரம் காத்திருந்தார். இப்படி ஒரு மேஸ்திரி யாருக்குக் கிடைப்பார் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே போனதும் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் மேஸ்திரி பதில் சொல்லிவிட்டார். "எங்க பெண்ணுங்க வாயில ஒண்ணும் போடாது டாக்டரே. கிடங்கில அதுதான் முதல் சட்டம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினேன். அது முதல் பொய். வாசலில் நடந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாதக்கணக்காகிவிட்ட அந்தக் காயா இன்னும் உள்ளே இருக்கப்போகிறது என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டேன். எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை. காசு, ஊசி மாதிரி உலோகம் என்றால் படத்தில் பளிச்சென்று தெரியும். ஏலக்காய், கடலை, புளியங்கொட்டை இதெல்லாம் படத்தில் விழாது. இதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எங்களைப் போன்றவர்கள் இருமி இளைத்தால் அதற்கு ஒரே பெயர்தான். சளியில் கிருமி கிடைக்காவிட்டாலும் காசநோய் மருந்து தொடங்கிவிட்டார்கள். தினம் ஒரு ஊசி, மூன்று மாதம். உட்கார முடியாது, காதுக்குள் வண்டு ரீங்காரமிட்டுக்கொண்டே இருக்கும். மாரி சைக்கிளை விற்றுவிட்டு வேலைக்கு நடந்து போனார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கலாவை என்னிடமிருந்து பிரித்ததைத்தான் தாங்க முடியவில்லை. மாரியின் அக்கா பொன்னம்மா வல்லார்பாடம் தீவில் இருந்தார். குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று படகில் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நல்ல மனுஷி, நல்லதற்குத்தான் செய்தார். படகு நகர்ந்தபோது கலா அழவில்லை, நான்தான் துறையில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போயிற்று. எடை பாதியாகிவிட்டது. ஒருநாள் கிடங்கில் காய் பிரித்துக்கொண்டிருக்கும்போது இருமினேன், உள்ளங்கையில் ரத்தம். பச்சைக் காய் மேல் இரண்டு துளி தெறித்தது. ஜமீலா சட்டென்று அந்தக் காய்களை முறத்தில் இருந்து பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்றைக்கு வாசலில் அவளை யாரும் சோதிக்கவில்லை.

எர்ணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். அங்கே இரண்டு சோதனை செய்தார்கள். ஒன்று, மூச்சுக்குழாய்க்குள் எண்ணெய் போன்ற ஒரு மருந்தை ஊற்றிப் படம் எடுப்பது. நீரில் மூழ்குவது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்துவிட்டது. படத்தில், வலது நுரையீரலின் கீழ்ப்பாகத்தில் குழாய்கள் தொய்ந்து வீங்கிப் போயிருந்தன. இன்னொன்று, மயக்கம் கொடுத்து, வாய் வழியாக இரும்புக் குழல் ஒன்றை இறக்கி, வெளிச்சம் காட்டி உள்ளே பார்ப்பது. கீழ்க்குழாயின் வாயில் சிவப்பாகச் சதை வளர்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. தொட்டதும் ரத்தம் பீறிட்டதால் குழலை வெளியே எடுத்துவிட்டார்கள்.

"கட்டி" என்று யாரோ சொன்னார்கள். யாரும் என்னிடம் சொல்லவில்லை, என்னைத் தாண்டிச் சொன்னார்கள். நெஞ்சைப் பிளந்து அந்தக் கீழ்ப்பாகத்தையே வெட்டி எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. வியாழக்கிழமை காலை.

பெரிய டாக்டர் படிக்கிற பிள்ளைகள் சூழ வந்து என் கட்டிலருகே நின்று அதே கேள்வியைக் கேட்டார். மேஸ்திரி கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும் என்றார்கள். மாரியின் ரத்தம் சேரவில்லை, மேஸ்திரியுடையது சேர்ந்தது. முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு நிற்கிறார். தன் ரத்தத்தைக் கொடுத்த மனுஷனின் முகத்தைப் பார்த்து, உங்கள் கிடங்கில் திருடினேன் என்று எப்படிச் சொல்வது? தலையாட்டினேன். அது இரண்டாவது பொய். இந்தத் தடவை தெரிந்தே சொன்ன பொய்.

மாரிக்கு இது எதுவும் தெரியாது. டாக்டர் லீலா, அடைப்புக்குப் பின்னால் சளி தேங்கி அழுகுவதால்தான் திரும்பத் திரும்ப நிமோனியா வருகிறது என்று அவரிடம் சொன்னதும் அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. அது அவர் வேலையல்லவா. கட்டிலில் உட்கார்ந்து என்னிடம் புலம்பினார்.

"ஒரே இடத்துல மூணு தடவ வெள்ளம் கட்டி நின்னா அது மழையோட குத்தம் இல்ல சரசு. எவனோ ஓடையில என்னமோ போட்டிருக்கான். நாங்கன்னா கையை விட்டுத் துழாவுவோம். இவங்க ஓடையையே இடிக்கப் போறோம்னு சொல்றாங்க. உள்ள என்ன விழுந்துச்சுன்னு யாருமே கேக்க மாட்டேங்கறாங்களே."

கேட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ஜமீலா வந்தாள். நேந்திரம்பழம் ஒரு சீப்பு கொண்டுவந்திருந்தாள். யாரும் பக்கத்தில் இல்லாதபோது, அந்தக் காய் உள்ளேயேதான் இருக்கிறது போலிருக்கிறது, டாக்டரிடம் சொல்லப்போகிறேன் என்றேன். அவள் முகம் வெளிறிவிட்டது.

"சரசூ, நீ சொன்னா இனி வாசல்ல வாயையும் திறந்து பாக்கத் தொடங்கும். நம்ம எட்டுப் பேரையும் வெளியே ஆக்கும். என் வீட்டில அடுப்பு எரியறது இந்த வேலையால. உனக்குத் தெரியாததா?"

அவள் பழத்தோலைக் கிழித்துக்கொண்டே இருந்தாள். எழுந்து போகும்போது, "நான் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. படைச்சவன் என்னை மன்னிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டே போனாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

புதன்கிழமை மத்தியானம் பொன்னம்மா கலாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆபரேஷனுக்கு முன் ஒருமுறை பார்க்கட்டும் என்று. ஒருமுறை என்று அவர் சொன்ன விதத்திலேயே எனக்கு எல்லாம் புரிந்தது. குழந்தையை வார்டுக்குள் விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் நிறுத்தினார். கலா வளர்ந்திருந்தாள், முன்பற்கள் இரண்டு இல்லை. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "கண்ணு" என்றேன். அவள் உடனே வலது கையால் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அம்மாவைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். அந்தக் கைக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவர்கள் போன பிறகு எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒரு காய்க்காக ஒரு நுரையீரலைக் கொடுப்பேனா? பிள்ளையின் முகத்தையே ஒரு வருஷமாகப் பார்க்காமல் இருந்துவிட்டு, நாளைக்கு மேஜையிலேயே செத்தும் போவேனா? எதற்கு? நல்ல பெயருக்கா?

நாலு மணிக்கு டாக்டர் லீலா ஒரு காகிதத்தோடு வந்தார். ஆபரேஷனுக்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை கேட்டு எழுதிக்கொள்ள வேண்டுமாம். சின்ன வயது, கண்ணில் தூக்கமில்லாத களைப்பு. மேஸ்திரி இளநீரோடு அப்போதுதான் வந்து நின்றார்.

"மேஸ்திரி, ஒரு சாயா வாங்கிட்டு வர்றீங்களா?" என்றேன்.

"பின்னாடி ஆவட்டே. டாக்டர் பேசட்டும்" என்றார். நகரவில்லை.

மூன்றாம் தடவையாக அந்தக் கேள்வி வந்தது. புரை ஏறியதா? மேஸ்திரி தொண்டையைச் செருமினார். அவர் முந்திக்கொள்வதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"ஏறிச்சு டாக்டர். ஏலக்காய். முழுசா ஒண்ணு. கிடங்குல இருந்து வாயில ஒளிச்சுக் கொண்டு வந்தேன், வாசல்ல உள்ள போயிருச்சு. இவர் கேட்டதுக்குப் பதில் சொல்லும்போது."

டாக்டர் லீலா எழுதுவதை நிறுத்தினார். "எப்போது?"

"ஒண்ணே முக்கால் வருஷம்."

அவர் காகிதத்தை அப்படியே கட்டிலில் போட்டுவிட்டுப் பெரிய டாக்டரைத் தேடி ஓடினார். ஓடினார் என்றால் ஓடினார், செருப்புச் சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. மேஸ்திரி இளநீரை ஜன்னல் விளிம்பில் வைத்தார். அது சாய்ந்துவிடாமல் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார். அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

பெரிய டாக்டர் வந்து திட்டினார். நான் வாங்க வேண்டிய திட்டுத்தான். பிறகு நிதானமாகச் சொன்னார். உள்ளே இருப்பது கட்டியாக இல்லாமல், காயைச் சுற்றி உடம்பு வளர்த்துக்கொண்ட சதையாக இருக்கலாம். நாளை நெஞ்சைத் திறக்குமுன் மறுபடி குழல் விட்டுப் பார்ப்போம். காய் இருந்தால் இடுக்கியால் பிடித்து எடுக்கப் பார்ப்போம். ஆனால் ஊறி நைந்துபோயிருந்தால் பிடிக்கும்போதே உதிர்ந்துவிடலாம், ரத்தம் நிற்காமலும் போகலாம். அப்படியானால் அங்கேயே நெஞ்சைத் திறந்து வெட்டித்தான் ஆக வேண்டும். சம்மதமா?

கையெழுத்துப் போட்டேன். மாரியும் போட்டார். அவரிடம் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு, "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல சரசு. நான் தினம் இதத்தானே பாக்கறேன்" என்றார். அது திட்டைவிட வலித்தது.

மறுநாள் காலை தள்ளுவண்டியில் போகும்போது கூரையில் மின்விசிறிகளை எண்ணிக்கொண்டு போனேன். ஏழு. எழுந்தால் நெஞ்சில் கட்டு இருக்குமா, இல்லையா? அது ஒன்றுதான் மனதில் ஓடியது. மூக்கில் எதையோ வைத்தார்கள். "பெயர் சொல்லுங்க" என்றார்கள். சொல்ல வாயைத் திறந்தது மட்டும் ஞாபகம்.

கண் விழித்தபோது தொண்டை புண்ணாக எரிந்தது. கை தானாக வலது விலாவுக்குப் போயிற்று. கட்டு இல்லை. தையல் இல்லை. என் தோல்தான். நான் தடவிக்கொண்டே இருந்தேன், நம்பாமல் திரும்பத் திரும்பத் தடவினேன். டாக்டர் லீலா பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு சின்ன மருந்துக் குப்பி. அதற்குள் கறுத்துச் சுருங்கி ஒன்று மிதந்தது. இரண்டு முறை இடுக்கி நழுவி, மூன்றாவது முறை முழுசாக வந்துவிட்டதாம். ரத்தம் கொஞ்சம் போயிற்று, நின்றுவிட்டது. பாடம் நடத்தக் காட்டுவதற்கு அந்தக் குப்பியைத் தாங்களே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் திருடியதிலேயே நல்ல விலை போனது அது ஒன்றுதான்.

மாரிக்கு ஒரு தடவை காட்டினார்கள். அவர் குப்பியைக் கையில் வாங்கி, மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா?" என்றார். அப்புறம் வராந்தாவில் போய் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றார்.

ஐந்தாம் நாள் மேஸ்திரி வந்தார். வெறுங்கையோடு. வேலை போய்விட்டது என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்தார். வாசலில் உட்காருகிற மாதிரியே, முழங்காலில் இரண்டு கையும் வைத்துக்கொண்டு. அவர் மலையாளத்தில் சொன்னதை நான் என் தமிழில் எழுதுகிறேன்.

"முதலாளிகிட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன்" என்றார். பிறகு, "எனக்குத் தெரியும் சரசூ" என்றார்.

"என்ன தெரியும்?"

"கன்னத்தில காய் இருக்கறது. எட்டுப் பேர்னும் தெரியும். இருபது வருஷம் அந்த வாசல்ல உக்காந்திருக்கேன், கன்னம் பாத்தா தெரியாதா? ஒண்ணுதானேன்னு விட்டுடுவேன். அன்னைக்குச் சும்மா ஒரு தமாசு. நீ வாயைத் திறக்க முடியாம முழிக்கறதைப் பாக்கணும்னு தோணிச்சு. அதான் பாயசம் உண்டோன்னு கேட்டேன்."

நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன்.

"டாக்டர் முதல் தடவை கேட்டப்பவே எனக்கு நெஞ்சு எரிஞ்சது. ஆமான்னு சொன்னா, எப்படின்னு கேப்பாங்க. முதலாளி காதுக்குப் போகும். தெரிஞ்சும் விட்டவன்னு என்னைத்தான் முதல்ல அனுப்புவார். அதனால நான் முந்திக்கிட்டேன்."

அந்த வராந்தா, நாலு மணி நேரக் காத்திருப்பு, கடிதம், இளநீர், ரத்தம் எல்லாம் எனக்கு அந்த நிமிஷத்தில் வேறாகத் தெரிந்தன. கருணை என்று நினைத்து அழுதேனே. அந்தக் கருணைக்கு முன்னால் வெட்கப்பட்டுத்தானே வாயை மூடிக்கொண்டேன். இரண்டு பேரும் ஒரே காயை ஒளித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒன்றே முக்கால் வருஷம் நின்றிருக்கிறோம்.

"நீங்க அன்னைக்கு வாயை மூடிட்டு இருந்திருக்கலாம் மேஸ்திரி" என்றேன்.

"நீ திறந்திருக்கலாம்" என்றார். சொல்லிவிட்டு, சொன்னதற்காக வெட்கப்பட்டவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் அவரை மன்னித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். எனக்குத் தெரியவில்லை. அவருடைய ரத்தம் கடைசியில் தேவைப்படவில்லை, வேறு யாருக்கோ ஏற்றினார்கள். நாலு மாதம் கழித்து அதே கிடங்கில் வேலைக்குப் போனேன். அவர் இப்போது மாலையில் ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக் காயல் நீரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். கடைசிப் பெண் வாசல் தாண்டும்வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேச மாட்டார். எங்களில் யாரும் கன்னத்தில் எதுவும் வைப்பதில்லை என்று ஜமீலா சத்தியம் செய்கிறாள். அவள் பேச்சை நான் பாதிதான் நம்புவேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுவாரம், பொன்னம்மா கலாவைக் கூட்டிக்கொண்டு மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் வந்து இறங்கினார். நானும் மாரியும் காத்திருந்தோம். கலா பலகையில் நடந்து வந்தாள், மூன்று முழ தூரத்தில் நின்றாள், கையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள்.

"போ மோளே, இனி பயமில்ல" என்று பொன்னம்மா முதுகைத் தள்ளினார். அவள் அசையவில்லை. கைக்குள்ளிருந்து கேட்டாள்.

"நோய் போயிருச்சா?"

"நோயே இல்ல கண்ணு. ஒரு ஏலக்காய் உள்ள மாட்டிக்கிச்சு. எடுத்துட்டாங்க."

"எப்படி மாட்டிச்சு?"

துறையில் கூட்டம். கிடங்குக்குப் போகிற சுமைக்காரர்கள், மீன்கூடையோடு நிற்பவர்கள், என் நாத்தனார், என் புருஷன். எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஆறு வயதுகூட ஆகாத குழந்தை, நம்பிவிடும்.

"கிடங்குல இருந்து திருடினேன். கன்னத்துல ஒளிச்சு வெச்சிருந்தேன். உன் பாயசத்துக்கு."

ஒருவர் திரும்பிப் பார்த்தார். பொன்னம்மா என் பெயரைச் சொல்லி அதட்டினார். கலா என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"அன்னைக்குப் பாயசத்துல உன் கை வாசனை இல்லையே" என்றாள்.

"ஆமா கண்ணு. இல்ல."

வாயை மூடியிருந்த கை மெல்லக் கீழே இறங்கியது. முன்பற்கள் இரண்டும் பாதி முளைத்திருந்தன. ஓடி வந்து என் மேல் விழுந்தாள். வலது பக்கம்தான் விழுந்தாள், தையல் விழாமல் தப்பிய பக்கம்.